விமானிக்குத் தேர்வு... பக்கத்து சீட்டில் உட்காருவது யார்? ‘சீட் சப்போர்ட்’ என்றால் என்ன?

ஓடுபாதையில் வேகமெடுத்த விமானம் மேலே எழும்பும் நொடியில் ஒரு இன்ஜின் நின்றுபோகிறது. காக்பிட்டில் எச்சரிக்கை மணி அலறுகிறது. விமானி எப்படிச் சமாளிக்கிறார் என்பதைப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து குறித்துக்கொண்டே இருக்கிறார்.

பயப்பட வேண்டாம். இது நிஜ விமானம் இல்லை, சிமுலேட்டர். நடப்பது விமானிக்கான தேர்வு.

இந்தத் தேர்வில் அதிகம் பேசப்படாத ஒருவர் இருக்கிறார். அவருக்குத் தேர்வும் இல்லை, மதிப்பெண் போடும் வேலையும் இல்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சக விமானியின் வேலையைச் செய்து கொடுப்பவர். விமானத் துறையில் இதைத்தான் ‘சீட் சப்போர்ட்’ என்கிறார்கள்.

விமானிக்கு எத்தனை முறை தேர்வு?

லைசென்ஸ் வாங்கியதோடு தேர்வு முடிந்துவிடாது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, பயணிகள் விமான நிறுவனங்களின் விமானிகள் ஓராண்டுக்குள் இரண்டு முறை திறன் சோதனையில் தேற வேண்டும். நான்கு மாதத்துக்குள் ஒரே மாதிரி இரண்டு சோதனைகளை முடித்துவிட்டு ‘கணக்கு சரி’ என்று சொல்ல முடியாது. இந்தியாவும் இந்த அமைப்பில் உறுப்பு நாடுதான். ஐரோப்பாவில் நிறுவனம் நடத்தும் சோதனை 6 மாதங்களுக்குத்தான் செல்லும்.

இன்ஜின் கோளாறு, தீ, ஒரே இன்ஜினில் தரையிறங்குவது, கடைசி நேரத்தில் தரையிறங்காமல் மீண்டும் மேலே ஏறுவது எனப் பல சூழ்நிலைகள் இதில் வரும். தேறாவிட்டால் மறுபயிற்சி, மறுதேர்வு முடியும் வரை பறக்க முடியாது.

தனியாகத் தேர்வு எழுத முடியாதா?

முடியாது. பெரிய பயணிகள் விமானங்கள் இரண்டு பேர் சேர்ந்து ஓட்டும்படி வடிவமைக்கப்பட்டவை. ஒருவர் விமானத்தை ஓட்டுவார். மற்றவர் கருவிகளைக் கண்காணிப்பார், ரேடியோவில் பேசுவார், சரிபார்ப்புப் பட்டியலை வாசிப்பார், தவறு நடந்தால் சொல்வார்.

அதனால் வழக்கமான குழு அமைப்பில்தான் சோதனை நடக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய விதி. இரண்டாவது சீட்டில் தேர்வுக்கு வந்த இன்னொரு விமானி உட்காரலாம். அல்லது அதே ரக விமானத்தை ஓட்டத் தகுதி பெற்ற வேறு விமானி உட்காரலாம். சோதனையை நிஜ விமானத்தில் நடத்தினால் மட்டும், அந்த சீட்டில் தேர்வு அதிகாரியோ பயிற்சியாளரோதான் இருக்க வேண்டும்.

சிமுலேட்டரில் தேர்வு அதிகாரியே உட்கார்ந்தால் என்ன? அவருக்குப் பின்னால் வேலை இருக்கிறது. கோளாறுகளை உருவாக்குவது, கட்டுப்பாட்டு அறை போலப் பேசுவது, இரண்டு பேரையும் கவனிப்பது எல்லாம் அவர்தான்.

எப்போது ஆள் தேவை?

ஒரு கேப்டன், ஒரு துணை விமானி, இருவருக்கும் ஒரே நாளில் தேர்வு என்று ஜோடி அமைந்துவிட்டால் பிரச்சினையே இல்லை. ஆனால் எப்போதும் அப்படி அமையாது. ஒருவருக்குத் திடீரென உடம்பு சரியில்லாமல் போகும். ஒருவருக்கு மட்டும் மறுதேர்வு இருக்கும். இரண்டு கேப்டன்களுக்கு ஒரே நாளில் தேர்வு வரும். அப்போதெல்லாம் இன்னொரு விமானியைக் கூப்பிடுவார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கேப்டன் வழக்கமாக இடது பக்கம் உட்காருபவர். வலது சீட்டுக்கு மாறினால் கைப்பழக்கம் மாறும், பொறுப்பும் மாறும். நிஜ விமானத்தில் வலது சீட்டில் துணை விமானியின் பணியைச் செய்யும் கேப்டன்களுக்கு ஐரோப்பிய விதி தனிப் பயிற்சியும் சோதனையும் கேட்பது இதனால்தான்.

எவ்வளவு உதவலாம்?

இங்கேதான் சீட் சப்போர்ட்டின் கஷ்டமே இருக்கிறது. நண்பர் தேற வேண்டும் என்று, கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தால் அவருடைய குறை மறைந்துவிடும். ‘நமக்கென்ன’ என்று சும்மா இருந்தால் நல்ல விமானியும் தடுமாறுவார். வழக்கமான விமானத்தில் என்ன செய்வாரோ, அதையே செய்ய வேண்டும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

இன்ஜின் கோளாறையே எடுத்துக்கொள்வோம். எந்த இன்ஜின் பழுது என்பதை இருவரும் பார்த்து உறுதி செய்த பிறகுதான் அதை நிறுத்த வேண்டும். ஓட்டுபவர் தவறான லீவரில் கை வைத்தால், பக்கத்தில் இருப்பவர் ‘அது இல்லை’ என்று சொல்லியாக வேண்டும்.

இது வெறும் சடங்கு இல்லை. 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏடிஆர் 72 விமானம் ஆற்றில் விழுந்தது. புறப்பட்ட சிறிது நேரத்தில் வலது இன்ஜின் சக்தி இழந்தது. ஆனால் நிறுத்தப்பட்டது நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது இன்ஜின். 58 பேரில் 43 பேர் உயிரிழந்தனர். கோளாறை உறுதி செய்யும் நடைமுறையைக் குழு பின்பற்றவில்லை என்று விசாரணை கூறியது. அந்த கேப்டன் 2014-ல் ஒரு சிமுலேட்டர் தேர்வில் தேறாமல், மறுதேர்வில் தேறியவர் என்பதும் தெரியவந்தது.

இது ஓய்வு நாளா, டூட்டியா?

டூட்டிதான். பயிற்சி, சோதனை எல்லாம் பணி நேரக் கணக்கில் வரும் என்கின்றன விதிகள். சிமுலேட்டரில் பொதுவாக 4 மணி நேரம், அதற்கு முன்னும் பின்னும் விளக்கக் கூட்டம் என்று ஒரு நாளே போய்விடும். சிமுலேட்டர்கள் இரவிலும் ஓடுவதால் நள்ளிரவு நேரமும் கிடைக்கலாம். ஆனால் இது நிஜமாகப் பறந்த மணிக்கணக்கில் சேராது. தனிப் படி உண்டா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

சப்போர்ட்டுக்கு வருபவருக்கும் லாபம் உண்டு. தன் தேர்வு இல்லை என்ற நிம்மதியோடு, அவசர நிலைகளை இன்னொரு முறை பழகிப் பார்க்கலாம். ஆனால் தூக்கக் கலக்கத்தோடு, தயாரிப்பு இல்லாமல் வந்தால், பாதிக்கப்படுவது பக்கத்து சீட்டில் இருப்பவரின் லைசென்ஸ்.