வாஹூ மீன்பிடிப்பு: கருவிகளும் முறைகளும்

வாஹூ வெப்பக் கடல்களில் கரையை விட்டு விலகி, மேல்மட்ட நீரில் திரியும் வேட்டை மீன். சூரை, வஞ்சிரம், கானாங்கெளுத்தி ஆகியவை அடங்கிய ஸ்காம்ப்ரிடே குடும்பத்தைச் சேர்ந்தது. அகாந்தோசைபியம் சோலாண்ட்ரி என்பது இதன் அறிவியல் பெயர். அந்தப் பேரினத்தில் இது ஒன்றே உண்டு. ஹவாய்த் தீவுகளில் இதை ஓனோ என்பர். வஞ்சிரத்தைக் காட்டிலும் நீண்டு ஒடுங்கிய உடல், கருநீல முதுகு, விலாவில் மேலிருந்து கீழாக இறங்கும் நீல வரிகள் ஆகியவற்றால் அடையாளம் காணலாம். இரண்டரை மீட்டர் நீளம் வரை வளரும். தூண்டிலில் பிடிபட்டவற்றுள் உலகச் சாதனையாகப் பதிவாகியிருப்பது 2005ஆம் ஆண்டு மெக்சிகோவின் காபோ சான் லூக்காஸ் கடலில் கிடைத்த 83.46 கிலோ மீன்.

இந்த மீனுக்கான தூண்டில் கருவிகள் அனைத்தும் அதன் பல்லையும் வேகத்தையும் கருதி உருவானவை. இரு தாடைகளிலும் முக்கோண வடிவப் பற்கள் இடைவெளியின்றி வரிசையாக நிற்கின்றன. அவற்றின் விளிம்பில் நுண்ணிய ரம்ப வெட்டு உண்டு. இரையை முழுதாக விழுங்க வாஹூ காத்திருப்பதில்லை. பின்னாலிருந்து பாய்ந்து, இரையின் வாற்பகுதியைத் துண்டித்துவிட்டுத் திரும்பி வந்து தின்னும். வேகத்தைப் பொறுத்தவரை, 1964இல் வால்டர்ஸ், ஃபியர்ஸ்டைன் ஆகியோர் நேச்சர் இதழில் வெளியிட்ட அளவீடு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. மீன் குறுகிய நேரம் பாய்ந்தோடியபோது மணிக்கு ஏறத்தாழ 77 கிலோமீட்டர் வேகம் பதிவானது. எனவே, பல மீன்களுக்கு எட்டாத வேகத்தில் இரையை இழுத்துச் சென்றாலும் வாஹூ அதைத் துரத்திப் பிடித்துவிடும். விரைவு இழுவை என்னும் முறை இந்த ஒரு பண்பின்மேல்தான் நிற்கிறது.

கடலடி திடீரெனச் செங்குத்தாகச் சரியும் விளிம்புகள், கடலுக்குள் எழும்பி நிற்கும் பார்கள், மிதக்கும் மரங்கள், பாசி திரண்டு நிற்கும் நீரோட்டக் கோடுகள் ஆகியவையே வாஹூ நடமாடும் இடங்கள். நீரோட்டம் அந்த விளிம்பில் மோதி மேலெழும்போது சிறு மீன்கள் கூடுகின்றன. கோலா, சிறு சூரை, கணவாய் ஆகியவற்றைத் தேடி வாஹூ வருகிறது. பகாமாஸ் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். எக்சுமா, சான் சால்வடோர் சூழ்ந்த ஆழ விளிம்புகளில் படகுகள் திரளும். பெர்முடாவில் சேலஞ்சர், ஆர்கஸ் என்னும் இரண்டு பார்கள் பெயர்பெற்றவை. ஹவாயில் ஏறத்தாழ நாற்பது பாக ஆழமுள்ள விளிம்பையொட்டிப் படகைச் செலுத்துவர். இந்தியப் பெருங்கடலில் இலங்கையின் பலநாள் படகுகளுக்குச் சூரையோடு சேர்ந்து இதுவும் கிடைப்பதுண்டு. விடியலும் அந்தியும், ஏற்றவற்றம் மாறும் நேரமும் மீன் கடிக்கும் வேளைகள். முழுநிலவையொட்டிய நாட்களைப் பகாமாஸ் மாலுமிகள் தவறவிடுவதில்லை.

பகாமாஸில் செம்மையடைந்த விரைவு இழுவையில் படகு 12 முதல் 18 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 22 முதல் 33 கிலோமீட்டரில், விளிம்பை ஒட்டி ஓடும். குறுகிய நேரத்தில் நீண்ட தொலைவைத் தேடிவிடலாம் என்பது முதல் பயன். அவ்வேகத்தில் சீலா போன்ற மீன்கள் தொல்லை தருவதும் குறைகிறது. ஆனால் அந்த வேகத்தில் சாதாரண இரை நீர்மட்டத்தில் துள்ளிப் பயனற்றுப்போகும். அதைத் தடுக்கவே சுருட்டு வடிவ ஈயக்குண்டு இரைக்கு முன்னால் கட்டப்படுகிறது. எடை அரைக் கிலோவிலிருந்து ஒன்றே கால் கிலோ, சில சமயம் அதற்கும் மேல். படகுக்கு அருகே ஓடும் தூண்டிலுக்கு மிகக் கனமான குண்டும், தொலைவில் ஓடுவதற்கு இலேசானதும் இடுவார்கள். இதனால் தூண்டில்கள் வெவ்வேறு ஆழத்தில் ஓடும். திரும்பும்போது ஒன்றோடொன்று சிக்கா. இருந்தாலும் படகை அகலமாக வளைத்தே திருப்ப வேண்டும்.

குண்டுக்கும் இரைக்கும் நடுவே ஆறு முதல் ஒன்பது மீட்டர் தடித்த நைலான் நரம்பு வரும். ரீலைச் சுற்றிக் குண்டு கோல்நுனியை எட்டியதும், மிச்சமுள்ள தொலைவைக் கையால் இழுத்து மீனைப் படகருகே கொண்டுவர இது உதவுகிறது. பாய்ச்சலின் அதிர்வையும் ஓரளவு தாங்குகிறது. கடைசி அரை மீட்டரோ ஒரு மீட்டரோ எஃகு வடமாக இருப்பது கட்டாயம். நாற்பத்தொன்பது இழைகள் முறுக்கிய துருவேறா எஃகு வடம் வளைந்து கொடுக்கும், மடிந்து உடையாது. ஆகவே பெரும்பாலோர் அதையே நாடுகின்றனர். செயற்கை இரையின் தலை தோட்டா போலவோ, நீர் பீறிடும் துளைகளுடனோ உலோகத்தில் செய்யப்பட்டிருக்கும். அதைச் சுற்றி நெகிழி இழைப் பாவாடை தொங்கும். கருப்பு-சிவப்பு, கருப்பு-ஊதா ஆகிய இருண்ட சேர்க்கைகள் விரும்பப்படுகின்றன. மங்கிய ஒளியில் கீழிருந்து நோக்கும் மீனுக்கு இவை தெளிந்த நிழலுருவாகத் தெரியும் என்பதே பலரும் கூறும் காரணம். வாலைக் கடிக்கும் பழக்கம் காரணமாக ஒன்றன்பின் ஒன்றாக இரு முட்கள் பூட்டி, பின்முள் பாவாடையின் ஓரத்தருகே நிற்கும்படி அமைப்பார்கள்.

இணைப்புச் சுழலி பளபளக்கக் கூடாது. மின்னும் உலோகத்தையும், நரம்பிலிருந்து எழும் குமிழிகளையும் இரையென்று எண்ணி இன்னொரு வாஹூ கடித்தால், மாட்டிய மீனும் கருவியும் ஒருங்கே போய்விடும். அதனால் கருநிறச் சுழலிகளே சிறந்தவை. முதன்மை நரம்பாக உலோகக் கம்பியைப் பயன்படுத்தினால் தூண்டில் ஆழமாக ஓடும், ஆயினும் பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கம் (ஐ.ஜி.எஃப்.ஏ.) கம்பி நரம்பை ஏற்பதில்லை. சாதனைப் பதிவை விரும்புவோர் அதைத் தவிர்க்க வேண்டும்.

மெதுவான இழுவைக்கும் தனி இடம் உண்டு. ஏழு முதல் ஒன்பது நாட் வேகத்தில், முரல் இனத்து மீனைப் பாவாடைத் தலைக்குள் கோத்து இழுப்பர். அல்லது தாமாகவே நீருக்குள் மூழ்கி ஆடும் கடினச் செயற்கை மீன்களை விடுவர். நீருக்கடியில் இறங்கும் பலகையைக் கொண்டு இரையை ஆழத்தில் நிறுத்துவதும் உண்டு. பெர்முடாவில் இவ்வகை ஆழ இழுவை நெடுங்காலமாக வழங்குகிறது. சான் டியேகோவிலிருந்து பல நாள் பயணமாக மெக்சிகோவின் அலிஹோஸ் பாறைகளுக்குச் செல்லும் படகுகளில் வேறொரு வழக்கம்: இழுவைத் தூண்டிலில் மீன் மாட்டியதும் படகின் வேகம் தணியும். அந்த நொடியில் பயணிகள் கனத்த உலோக இரைகளை வீசி மூழ்கவிட்டு, முழு வேகத்தில் ரீலைச் சுற்றுவார்கள். கூட்டமாக வரும் வாஹூக்களில் சில அதையும் துரத்தும்.

மீன் மாட்டிய உடன் படகை நிறுத்துவது பெருந்தவறு. வாஹூவின் முதல் ஓட்டம் மூர்க்கமானது. ரீலிலிருந்து நூறு மீட்டருக்கு மேல் நரம்பு கழன்றுபோகும். அதற்குப் பின் அது படகை நோக்கித் திரும்பக்கூடும். நரம்பு ஒரு கணம் தளர்ந்தாலும் தலையை உதறி முள்ளைக் கழற்றிவிடும். ஆகவே படகு குறைந்த வேகத்தில் முன்னே சென்றுகொண்டே இருக்க, கோலைத் தூக்கி இறக்காமல் சீராகச் சுற்ற வேண்டும். ரீலின் தடையை மிகவும் இறுக்கினால் முள் தசையைக் கிழித்து வெளியேறும். ஓடும் வேகத்தில் இரையின் இழுவிசைக்கு நரம்பு நழுவாத அளவைவிடச் சற்றே கூடுதலாக வைப்பது போதும்.

படகேற்றும் தருணம்தான் மிகவும் ஆபத்தானது. கொளுக்கியைத் தலைக்குச் சற்றுப் பின்னால் மாட்டி, ஒரே வீச்சில் மீனைத் தூக்கி நேராகக் குளிர்பெட்டிக்குள் இறக்குவது நல்லது. தளத்தில் துள்ளும் வாஹூ கணுக்காலை எலும்புவரை வெட்டக்கூடும். உயிர் போன பின்னும் பற்களின் கூர்மை மாறுவதில்லை. நீண்ட இடுக்கி இன்றி முள்ளை எடுக்க முனையக் கூடாது. முள் கழன்றால் ஈயக்குண்டு கல்லெறிபோல் படகை நோக்கிப் பாயும். நரம்பைக் கையில் சுற்றிப் பிடிப்பது விரலையே இழக்கச் செய்யும்.

இறைச்சி வெண்மையானது, உறுதியானது. வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருள் உருவாகும்; சமைத்தாலும் அது போகாது. எனவே உடனே பனிக்கட்டியில் புதைப்பது அவசியம். இரைப்பையில் பெரிய தட்டைப்புழுக்கள் காணப்படுவது இயல்பு. அவை மனிதரைத் தாக்குவதில்லை. வாஹூ விரைந்து வளர்ந்து ஓராண்டிலேயே முட்டையிடும் பருவம் எய்துகிறது. ஆயினும் பிடிக்கு வரம்பிட்ட நாடுகள் உள்ளன: அமெரிக்காவின் அட்லாண்டிக் கூட்டரசு நீர்ப்பரப்பில் பொழுதுபோக்காகப் பிடிப்பவர் ஒரு நாளில் இரண்டு மீன்களுக்கு மேல் வைத்திருக்க அனுமதியில்லை.