ஒழுங்காற்று டி செல்களும் தன்னுடல் தாக்கு நோய்களும்: பற்றாக்குறைக் கருத்தின் எல்லை

மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவரும் 2025இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றதிலிருந்து ஒரு கருத்து பரவலாகச் சொல்லப்படுகிறது: ஒழுங்காற்று டி செல்கள் குறைந்தால் உடல் தன்னையே தாக்கும், ஆகவே அவற்றைப் பெருக்கிக் கொடுத்தால் நோய் தணியும். முன்பாதி ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டது. பின்பாதி அதிலிருந்து தானாக வந்துவிடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நகோயாவில் நிஷிசுகாவும் சகாகுராவும் 1969இல் செய்த சோதனையில், பிறந்து மூன்றாம் நாளில் தைமஸ் சுரப்பி நீக்கப்பட்ட சுண்டெலிகளின் சூலகம் அழிந்தது. சகாகுச்சி 1995இல் இதன் காரணத்தை நெருங்கினார். டி செல்களிலிருந்து சிடி25 புரதம் தாங்கியவற்றைப் பிரித்தெடுத்துவிட்டு, எஞ்சியவற்றைத் தைமஸ் இன்றிப் பிறந்த சுண்டெலிகளுக்குச் செலுத்தினார். தைராய்டு, இரைப்பை எனப் பல உறுப்புகளில் அழற்சி கண்டது. பிரித்தெடுத்தவற்றையும் உடன் சேர்த்தபோது நோய் வரவில்லை; அவையே ஒழுங்காற்று டி செல்கள். அந்தச் செல்கள் உருவாகத் தேவையான ஃபாக்ஸ்பி3 மரபணுவை பிரன்கோவும் ராம்ஸ்டெலும் 2001இல் அடையாளம் கண்டனர். அது பழுதடைந்த ஆண் குழந்தைகளுக்கு ஐபெக்ஸ் என்னும் நோய் வருகிறது: கைக்குழந்தைப் பருவத்திலேயே நீரிழிவு, நிற்காத வயிற்றுப்போக்கு, தோல் அழற்சி.

ஆனால் ஐபெக்ஸ் மிக அரியது, ஒற்றை மரபணுவால் வருவது. முடக்குவாதத்தையும் முதல் வகை நீரிழிவையும் அதன் அச்சில் வார்த்துப் பார்ப்பதில்தான் பிழை தொடங்குகிறது. முடக்குவாத நோயாளியின் வீங்கிய முழங்காலிலிருந்து ஊசியால் எடுத்த மூட்டுத் திரவத்தைச் சோதித்தால், ஒழுங்காற்று செல்களின் விகிதம் அவருடைய இரத்தத்தில் இருப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. தீயணைப்பு வண்டிகள் வந்து நிற்கின்றன, தீ அணையவில்லை.

ஏன்? 2004இல் வெளியான முடக்குவாத ஆய்வு ஒன்றில், நோயாளிகளின் ஒழுங்காற்று செல்களால் அழற்சிப் புரதங்களின் சுரப்பைத் தடுக்க முடியவில்லை, அப்புரதங்களுள் ஒன்றான டி.என்.எஃப்.-ஐ முடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்து கொடுத்தபின் அந்தத் திறன் மீண்டது. அப்படியானால் செல்களின் செயலிழப்பில் ஒரு பங்கேனும் அழற்சியின் விளைவு. 2008இல் முதல் வகை நீரிழிவில் நடந்த கலப்புச் சோதனை இன்னும் கூர்மையானது. நலமானவர்களின் ஒழுங்காற்று செல்களை நோயாளிகளின் தாக்கும் டி செல்களோடு சேர்த்து வளர்த்தபோதும், தாக்கும் செல்கள் உரிய அளவு அடங்கவில்லை. குறை அடக்குபவற்றிடம் மட்டும் இல்லை. அடங்க வேண்டியவையும் அடங்க மறுக்கின்றன. இன்டர்லூகின்-6 என்னும் அழற்சிப் புரதம் மிகுந்த சூழல் இந்த மறுப்பை வளர்க்கிறது.

எண்ணிக்கையை அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒழுங்காற்று செல்களின் அடையாளமாகக் கொள்ளப்படும் ஃபாக்ஸ்பி3 புரதத்தை, மனிதரில் சாதாரண டி செல்களும் தூண்டப்பட்டவுடன் சிறிது காலம் காட்டும். பழைய கணக்கெடுப்புகள் ஒன்றோடொன்று முரண்படுவதற்கு இதுவும் காரணம்.

சிகிச்சைச் சோதனைகளையும் இந்த ஒளியில்தான் படிக்க வேண்டும். நீரிழிவுள்ள 14 பெரியவர்களுக்கு அவரவர் ஒழுங்காற்று செல்களையே ஆய்வகத்தில் பெருக்கித் திரும்பச் செலுத்திய ஆய்வு 2015இல் வெளியானது. ஆபத்து நேரவில்லை, செலுத்திய செல்களில் ஒரு பகுதி ஓராண்டு வரை இரத்தத்தில் தங்கியிருந்தது. ஆனால் பின்னர், புதிதாக நோய் கண்ட சிறார்களிடம் ஒப்பீட்டுக் குழுவுடன் நடந்த சோதனையில் இன்சுலின் சுரப்பு காப்பாற்றப்படவில்லை. செலுத்திய அளவு போதவில்லை என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு, டி செல்களைப் பெருக்கும் இன்டர்லூகின்-2 புரதத்தைக் குறைந்த அளவில் கொடுக்கும் சிகிச்சை. சிடி25 அதன் ஏற்பியின் ஓர் அங்கம் என்பதால், மிகச் சிறிய அளவுக்கும் ஒழுங்காற்று செல்கள் முதலில் துலங்குகின்றன. ஹெபடைடிஸ் சி தொற்றோடு வந்த இரத்தக்குழாய் அழற்சியில் 2011இல் 10 பேரில் 8 பேருக்கு இது பயனளித்தது. மதிக்க வேண்டிய முடிவு. எனினும் இன்டர்லூகின்-2 செல்களைப் பெருக்குவதோடு நிற்பதில்லை, அவற்றின் அடக்கும் திறனையும் தாங்கிப் பிடிக்கிறது; ஆகவே பலன் எண்ணிக்கையால் மட்டும் வந்தது என இதைக்கொண்டு நிறுவ இயலாது.

ஆகவே செல் சிகிச்சைக்கு ஆள் தேர்வு செய்யும் முன், அவருடைய தாக்கும் செல்கள் அடங்கக்கூடியவையா என்று சோதிப்பது கட்டாயமாக வேண்டும். அடங்காதவர்களுக்கு டி.என்.எஃப். அல்லது இன்டர்லூகின்-6 தடுப்பு மருந்தை முதலில் கொடுத்து, அழற்சி தணிந்தபின் செல்களைச் செலுத்திப் பார்க்கலாம். இந்த வரிசைமுறையைச் சோதிக்க நீரிழிவைவிட முடக்குவாதமே ஏற்ற களம் என்பது என் கணிப்பு. நோயாளியின் கணையத்திலிருந்து திசு எடுப்பது ஆபத்தானது, அதனால் ஆய்வாளர் இரத்தத்தை வைத்தே ஊகிக்க வேண்டியிருக்கிறது. மூட்டுத் திரவமோ சிகிச்சைக்காகவே எடுக்கப்படுவது. செலுத்திய செல்கள் நோயுற்ற இடத்தை அடைந்தனவா, அங்கே அவற்றின் சொல் எடுபட்டதா என்பதை அதில் நேரடியாகப் பார்க்கலாம்.