எஸ்ஜி போனஸ்

எஸ்ஜி போனஸ் என்பது சிங்கப்பூர் அரசு தனது வரவு செலவுத் திட்ட உபரியின் ஒரு பகுதியைக் குடிமக்களுக்கு ரொக்கமாக வழங்கிய ஒருமுறைத் திட்டம் ஆகும். அப்போதைய நிதி அமைச்சர் ஹெங் சுவீ கியட் இதனை 2018 பெப்ரவரி 19 அன்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அவ்வாண்டின் இறுதியில் பணம் வழங்கப்பட்டது.

உபரிக்கான காரணங்கள்

2017 நிதியாண்டின் உபரி 961 கோடி சிங்கப்பூர் வெள்ளி என மதிப்பிடப்பட்டது. சிங்கப்பூர் நாணய வாரியத்திடமிருந்து எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகக் கிடைத்த தொகையும், சொத்துச் சந்தை எழுச்சியால் உயர்ந்த முத்திரைத் தீர்வையும் இதற்கு முதன்மைக் காரணங்கள். இவை ஆண்டுதோறும் கிடைக்கும் வருவாய் அல்ல.

பங்கீடு

21 வயது நிரம்பிய குடிமக்கள், ஆண்டு வருமானத்தின்படி மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர்.

* 28,000 வெள்ளி வரை: 300 வெள்ளி
* 28,001 முதல் 1,00,000 வெள்ளி வரை: 200 வெள்ளி
* அதற்கு மேல், அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட வீடு உடையோர்: 100 வெள்ளி

சுமார் 27 இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 70 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது. இது உபரியில் ஏழு விழுக்காடு அளவே ஆகும். தொடருந்துக் கட்டமைப்பு நிதிக்கு 500 கோடியும், முதியோர் காப்புறுதி மானியத்துக்கு 200 கோடியும் ஒதுக்கப்பட்டன.

வருமான வரி செலுத்தாதோரும் இத்தொகையைப் பெற்றனர். மிகுந்த வரி செலுத்தியோர் குறைவாகப் பெற்றனர். எனவே இதனை வரியைத் திருப்பியளித்தல் என்பதைவிட உபரிப் பகிர்வு என்பதே பொருந்தும். மாறாக, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் வருவாய் மதிப்பீட்டைவிட இரண்டு விழுக்காடோ அதற்கு மேலோ மிகுந்தால், அவரவர் செலுத்திய வருமான வரியின் விகிதப்படி அத்தொகை திருப்பியளிக்கப்படுகிறது.

விவாதம்

அதே வரவு செலவுத் திட்டத்தில், பொருள் சேவை வரி 7 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காடாக உயர்த்தப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. உபரி இருக்கையில் வரி உயர்வு எதற்கு என்ற வினா எழுந்தது. எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி இவ்வுயர்வை ஆதரிக்கவில்லை. உபரி ஓராண்டுக்குரியது, முதியோர் மருத்துவச் செலவோ நிலையாக வளர்வது என்பது அரசின் விளக்கம். வரி 2023 இல் 8 விழுக்காடாகவும், 2024 இல் 9 விழுக்காடாகவும் உயர்ந்தது.

ஓர் அரசின் பதவிக்காலத்தில் எஞ்சும் உபரி, அடுத்த அரசு பதவியேற்கும்போது கடந்தகாலச் சேமிப்புடன் சேர்ந்துவிடும். அதன்பின் அதிபரின் ஒப்புதலின்றி அதனைப் பயன்படுத்த இயலாது. 2020 இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது அவ்வொப்புதலுடன் இச்சேமிப்பு பயன்படுத்தப்பட்டது. உபரி முழுவதையும் பங்கிடுவதற்கு எதிரான வாதத்துக்கு இது எடுத்துக்காட்டாக அமைகிறது.

இந்தியாவுடன் ஒப்பீடு

இந்திய நடுவண் அரசு பற்றாக்குறை வரவு செலவுத் திட்டங்களையே அளித்து வருவதால் இத்தகைய பகிர்வுக்கு இடம் எழவில்லை. புதுச்சேரியில் 2023 இல் தொடங்கப்பட்ட, குடும்பத் தலைவிகளுக்கான மாதாந்திர உதவித்தொகை போன்றவை நலத்திட்டச் செலவுகளே அன்றி உபரிப் பகிர்வு அல்ல. முன்னது உபரி இல்லாத ஆண்டிலும் தொடர வேண்டிய பொறுப்பு. பின்னது உபரி இருந்தால் மட்டுமே வழங்கப்படுவது.