கம்ப்யூட்டருக்குள் உங்க வீடு எங்கே இருக்கு? - ஒரு விலாசத்தின் கதை

தில்லித் தமிழர்களுக்கு வீடு மாறுவது புதுசில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் கோடை வந்தால் சர்க்காரே சிம்லாவுக்கு மலையேறிவிடும், குளிர் வந்தால் கீழே இறங்கும். ஃபைல் கட்டுகளோடு குமாஸ்தாக்களும் ஏறி இறங்கினார்கள். அதில் நம்மவர்களும் உண்டு. பின்னால் வந்தவர்கள் கரோல் பாக் ஒண்டுக்குடித்தனத்தில் ஆரம்பித்து, ராமகிருஷ்ணபுரம் க்வார்ட்டர்ஸுக்குப் போய், மயூர் விஹார் ஃப்ளாட்டில் செட்டில் ஆனார்கள். ஊரில் இருந்து வரும் கல்யாணப் பத்திரிகை மட்டும் பழைய கரோல் பாக் விலாசத்துக்கே வந்துகொண்டிருக்கும். கீழ் போர்ஷன் பஞ்சாபி ஆன்ட்டி எடுத்து வைத்திருந்தால் உண்டு, இல்லையென்றால் போச்சு!

கம்ப்யூட்டருக்குள்ளும் இதே கதைதான் ஐம்பது வருஷமாக நடக்கிறது. நான் பி.காம். படித்தவன், ப்ரோகிராமர் இல்லை. ஆனால் பேங்க் வேலையில் இந்த விலாசக் குழப்பம் அடிக்கடி கண்ணில் பட்டதால், இதன் சரித்திரத்தைக் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

முதலில் 'வீடு' என்றால் என்ன? ஒரு கம்ப்யூட்டரை நாலு பேர் உபயோகித்தால், ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபோல்டர். உங்க போட்டோ, கடிதம், கணக்கு எல்லாம் அதற்குள். ஆங்கிலத்திலேயே அதற்குப் பெயர் ஹோம் டைரக்டரி. எந்த சாஃப்ட்வேரும் உங்க ஃபைலை எடுக்க வேண்டுமானால் முதலில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

1969-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் சிஸ்டத்தை ஆரம்பித்தார்கள். ஆரம்ப நாளில் ஆட்களின் வீடெல்லாம் '/யூஎஸ்ஆர்' என்ற ஃபோல்டரில் இருந்தது. போகப் போக அங்கே ப்ரோகிராம்கள் குடியேறிவிட்டன, ஆட்கள் '/ஹோம்' என்ற புது ஏரியாவுக்கு மாறினார்கள். இன்றைக்கும் லினக்ஸில் '/யூஎஸ்ஆர்' இருக்கிறது, ஆனால் அங்கே யாருக்கும் வீடு கிடையாது. தெருப் பெயர் மட்டும் மிச்சம்!

யூனிக்ஸ்காரர்கள் ஒரு புத்திசாலித்தனம் செய்தார்கள். யார் வீடு எங்கே என்று ஒரே ரிஜிஸ்டரில் எழுதி வைத்தார்கள், ஆளுக்கு ஒரு வரி. 1979-ல் வந்த ஏழாவது பதிப்பில், நீங்கள் உள்ளே நுழைந்ததும் அந்த விலாசம் 'ஹோம்' என்ற பெயரில் எல்லா ப்ரோகிராமுக்கும் கிடைக்கிற மாதிரி செய்தார்கள். வீடு மாறினால் ரிஜிஸ்டரில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். 'ஹோம்' எங்கே என்று கேட்கிற ப்ரோகிராம் எதையும் தொட வேண்டாம்.

இன்னொரு சுவாரசியம், '~' என்ற நெளிகோடு. யூனிக்ஸில் இதற்கு 'என் வீடு' என்று அர்த்தம். 1976-ல் வந்த ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினலின் கீபோர்டில் 'ஹோம்' என்ற வார்த்தையும் இந்த நெளிகோடும் ஒரே கட்டையில் அச்சாகி இருந்தன. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பில் ஜாய் அந்த மாதிரி டெர்மினலில்தான் வேலை பார்த்தார். அவர் எழுதிய ஸீ ஷெல்லில் '~' வீட்டுக்கு அடையாளம் ஆனது. (நம்ம ஏடிஎம் மெஷினுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை :-)

சரி, மைக்ரோசாஃப்ட் பக்கம் வருவோம். 1981-ல் வந்த முதல் டாஸில் ஃபோல்டரே கிடையாது. 1983-ல் இரண்டாம் பதிப்பில் ஃபோல்டர் வந்தது. ஆனால் '/' குறியை வேறு வேலைக்கு ஏற்கனவே எடுத்துவிட்டதால் '\' என்று சாய்வைத் திருப்பிப் போட்டார்கள். கம்ப்யூட்டர் ஒருவருக்கே சொந்தம் என்ற எண்ணம், அதனால் 'யாருடைய வீடு' என்ற கேள்வியும் எழவில்லை.

பிறகு ஆரம்பித்தது வீடு மாற்றும் படலம். விண்டோஸ் 98-ல் 'சி:\மை டாக்குமெண்ட்ஸ்'. 1996-ன் என்டி 4-ல் 'சி:\வின்என்டி\ப்ரொஃபைல்ஸ்'. 2000-லும் எக்ஸ்பியிலும் 'சி:\டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்'. அதுவும் ஜெர்மன் மொழி எக்ஸ்பியில் அந்தப் பெயரே ஜெர்மனில் இருக்கும்! 2007-ல் விஸ்டா வந்து 'சி:\யூசர்ஸ்' ஆக்கியது. ஆப்பிளின் மேக் ஓஎஸ் எக்ஸில் 2001 முதலே '/யூசர்ஸ்'.

விஸ்டாவில் பழைய பெயரையும் ஒரு கைகாட்டி போல விட்டு வைத்தார்கள். பழைய விலாசத்தைக் கேட்டு வருகிற ப்ரோகிராமை அது புது வீட்டுக்குத் திருப்பி அனுப்பும். நம்ம பஞ்சாபி ஆன்ட்டி வேலைதான்.

ஆனால் கைகாட்டி பாதி தூரம்தான் உதவும். நான் பார்த்த ஒரு கேஸ். 2014 ஏப்ரல் 8-ம் தேதியோடு எக்ஸ்பிக்கு சப்போர்ட் நின்றதால் எல்லா இடத்திலும் அவசரமாக கம்ப்யூட்டர் மாற்றினார்கள். ஒரு கிளையில் காலாண்டு ஸ்டேட்மெண்ட் எடுக்கும் எக்ஸெல் மேக்ரோ திடீரென்று படுத்துவிட்டது. திறந்து பார்த்தால், அதை எழுதிய ஆபீசரின் யூசர் பெயரோடு முழு விலாசமும் உள்ளே இருக்கிறது. அவர் ட்ரான்ஸ்ஃபர் ஆகிப் போய் ரொம்ப நாள். பழைய மெஷினில் அவர் ஃபோல்டர் சும்மா கிடந்ததால் இத்தனை காலம் ஓடியிருக்கிறது. புது மெஷினில் அப்படி ஒரு ஆளே இல்லை. கைகாட்டி தெருவைக் காட்டும், இல்லாத வீட்டை எப்படிக் காட்டும்?

இதையே நம்ம ஊர்ப் பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள். 2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் வாங்கிக் கொடுத்த ஆரம்ப கால லேப்டாப்களில் விண்டோஸும், சென்னை சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. ஒரே லேப்டாப், ஒரே மாணவி, ஆனால் இரண்டு வீடு. லினக்ஸ் வீட்டில் சேமித்த ப்ராஜெக்ட் விண்டோஸில் கண்ணுக்கே தெரியாது, அதன் டிஸ்க் அமைப்பை விண்டோஸ் தானாகப் படிக்காது. 'ஃபைல் அழிஞ்சு போச்சு' என்று அந்தப் பெண் அழுதிருந்தால் ஆச்சரியமில்லை. அழியவில்லை அம்மா, அடுத்த வீட்டில் இருக்கு!

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னும் ஒரு சோதனை. விண்டோஸ் 2000 முதல் தமிழ் யூனிகோடு உண்டு. ஆனால் யூனிகோடு தெரியாத பழைய ப்ரோகிராம்களுக்கென்று தமிழுக்குத் தனி எழுத்து அட்டவணை எதுவும் விண்டோஸில் இல்லை. எனவே யூசர் பெயரைத் தமிழில் வைத்தால், அந்த ப்ரோகிராம்களுக்கு உங்க வீட்டு விலாசம் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரியும்.

மேக்கில் வேறு வேடிக்கை. 'பொங்கல்' என்ற ஃபோல்டரில் வரும் 'ொ' குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், 'ெ', 'ா' என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். மேக்கில் 2017 வரை இருந்த பழைய ஃபைல் முறை இதைப் பிரித்தே சேமித்தது. அதை லினக்ஸுக்கு காப்பி செய்தால், அங்கே ஏற்கனவே இருக்கும் 'பொங்கல்' பக்கத்தில் இன்னொரு 'பொங்கல்' வந்து நிற்கும். நம் கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு.

ப்ரோகிராம் எழுதுபவர்கள் இதற்கு என்னதான் செய்கிறார்கள்? நல்ல ப்ரோகிராம் விலாசத்தை உள்ளே எழுதி வைக்காது, சிஸ்டத்தைக் கேட்கும். லினக்ஸிலும் மேக்கிலும் 'ஹோம்', விண்டோஸில் 'யூசர்ப்ரொஃபைல்'. எல்லா இடத்திலும் ஓடும் என்று வந்த ஜாவா மொழியில் 'யூசர்.ஹோம்' என்று கேட்டால் போதும். அதுவும் விண்டோஸில் ரொம்ப வருஷம் சறுக்கியது. டெஸ்க்டாப் எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறதோ அதுதான் வீடு என்று அனுமானித்தது. யாராவது டெஸ்க்டாப்பை டி ட்ரைவுக்கு மாற்றிவிட்டால் வீடும் அங்கே என்று நினைத்துக்கொள்ளும். 2014-ல் ஜாவா 8-ல்தான் இதைச் சரி செய்தார்கள். 2015-ல் வந்த பைத்தான் 3.5-ல் 'பாத்.ஹோம்' என்று ஒரு வரியில் கேட்கும் வசதி வந்தது.

வீடு தெரிந்தாலும் உள்ளே அறை எங்கே என்பதையும் கேட்கத்தான் வேண்டும். ஜெர்மனியில் இருக்கும் நம்மவர் லினக்ஸை ஜெர்மன் மொழியில் வைத்தால் போட்டோ ஃபோல்டரின் பெயர் 'பில்டர்'. இன்றைய விண்டோஸில் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர் ஒன்டிரைவுக்குள் போயிருக்கலாம். வீட்டுக்குள் இந்தப் பெயரில்தான் அறை இருக்கும் என்று நினைத்துப் போகிற பேக்கப் ப்ரோகிராம், காலியாகக் கிடக்கும் பழைய அறையை தினமும் காப்பி செய்துவிட்டு 'வேலை முடிந்தது' என்று சொல்லும். நாமும் நம்பிக்கொண்டிருப்போம்.

இதில் நம்ம மாதிரி குடும்பங்களுக்கு என்ன? நம்மில் பலருக்கு தாத்தா பாட்டி போட்டோ, குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோ எல்லாம் ஏதோ ஒரு பழைய கம்ப்யூட்டரில்தான். ஊர் மாறும்போது அதை நேரு ப்ளேஸில் தள்ளிவிட்டு வருவதற்கு முன், தயவுசெய்து மூன்று விஷயம் பாருங்கள். 'யூசர்ஸ்' ஃபோல்டரைத் திறந்து எத்தனை பெயர் இருக்கிறது என்று எண்ணுங்கள், அப்பாவின் பழைய லாகின் தனி வீடாக இருக்கலாம். டி ட்ரைவையும் பாருங்கள். காப்பி செய்த பிறகு புது கம்ப்யூட்டரில் நாலு போட்டோவையாவது திறந்து பாருங்கள்.

விலாசம் மாறிக்கொண்டேதான் இருக்கும், அதை யாராலும் நிறுத்த முடியாது. மனப்பாடம் செய்த விலாசத்தை நம்பாமல், ஒவ்வொரு முறையும் கேட்டுத் தெரிந்துகொண்டு போகிறவன் வீடு போய்ச் சேருவான். ப்ரோகிராமுக்கும் அதுதான், நமக்கும் அதுதான்.