காணொளிக் கோப்பு வடிவ மாற்றம்

காணொளிக் கோப்பு வடிவ மாற்றம் என்பது, ஒரு கணினியில் ஓடாத காணொளியை அது ஏற்கும் வேறொரு வடிவத்துக்குக் கொண்டுவரும் செயல்முறையாகும். கோப்புப் பெயரின் இறுதியில் வரும் ஏவிஐ, எம்பி4, எம்கேவி ஆகியவை படத்தையும் ஒலியையும் துணைத்தலைப்பையும் சேர்த்து வைக்கும் கொள்கலனை மட்டுமே குறிக்கின்றன. உள்ளிருக்கும் படத்தைச் சுருக்கவும் விரிக்கவும் பயன்படும் நெறிமுறை கோடெக் எனப்படும். ஆகவே எம்பி4 என்றே பெயர் கொண்ட இரு கோப்புகளுள், 2003இல் வெளிவந்த எச்.264 கோடெக்கில் அமைந்தது தடையின்றி ஓட, 2013இல் வெளிவந்த எச்.265இல் அமைந்தது ஒலியை மட்டும் தந்து திரையைக் கறுப்பாக விடுவது பழைய கணினிகளில் காணக்கூடியதே.

எகோல் சென்ட்ரல் பாரிஸ் கல்லூரி மாணவர்களின் திட்டமாகத் தொடங்கி 2001இல் கட்டற்ற மென்பொருளாக வெளியான விஎல்சி, கோடெக்குகளைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால் பெரும்பாலான கோப்புகளை மாற்றமின்றியே இயக்கிவிடுகிறது. முதலில் அதில் ஓட்டிப் பார்ப்பதே சிறந்த வழி. மாற்றியே தீர வேண்டுமெனில், ஃபப்ரீஸ் பெல்லார் 2000இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்னும் மென்பொருள் கைகொடுக்கும். கோடெக் பொருந்தி, கொள்கலன் மட்டும் பொருந்தாவிடில், படத்தையும் ஒலியையும் தொடாமல் கொள்கலனை மட்டும் மாற்றலாம். தரம் சிறிதும் குறையாது, வேலையும் விரைவில் முடியும். கோடெக்கையே மாற்றும் மறுகுறியாக்கமோ ஒவ்வொரு சட்டகத்தையும் விரித்து மீண்டும் சுருக்குவதால் நெடுநேரம் பிடிப்பதோடு, வழக்கமான அமைப்புகளில் ஒவ்வொரு முறையும் படத்தின் நுண்விவரம் சிறிது இழக்கப்படுகிறது. அளவைப் பெரிதாக்கினாலும் அது மீளாது என்பதால், திருமணப் பதிவு போன்றவற்றின் மூலக் கோப்பு மாற்றத்துக்குப் பின்னும் அழிக்கப்படலாகாது.