தொட்டால் தெரியாத தோல்

 

அடுப்பில் விரல் பட்டதும் கையை இழுத்துக்கொள்கிறோம். யோசித்து இழுப்பதில்லை. தோலுக்குள் இருக்கும் உணர்வு வாங்கிகள் செய்தி அனுப்பிவிடுகின்றன. மெல்லிய தொடுகைக்கு ஒரு வகை, அழுத்தத்துக்கு ஒன்று, அதிர்வுக்கு இன்னொன்று. சூடும் நோவும் அறிய நரம்பு முனைகள் வேறு. பச்சினி, மைஸ்னர், மேர்க்கல் போன்றோர் 19ஆம் நூற்றாண்டிலேயே இவற்றில் சிலவற்றை நுணுக்குக்காட்டியில் பார்த்து விபரித்துவிட்டார்கள்.

ஆனால் அழுத்தத்தை மின்செய்தியாக மாற்றும் புரதத்தை 2010இல்தான் ஆர்டெம் பட்டபூட்டியனின் குழு கண்டுபிடித்தது. 2021இல் அவருக்கும் டேவிட் ஜூலியஸுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பட்டபூட்டியன் பெய்ரூட்டில் பிறந்தவர். உள்நாட்டுப் போருக்குள் வளர்ந்து, 1986இல் நாட்டை விட்டு வெளியேறியவர். அது எப்படிப்பட்ட வாழ்க்கை என்று வன்னி மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இந்தச் செய்தி நின்றுபோனால் என்ன நடக்கும்? அதற்கு விடை தமிழ்நாட்டில் கிடைத்தது.

தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விரல்கள் விழும் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். டொக்டர் போல் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் வேலூர் மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் ஒரு நோயாளி அவருக்குக் கைகொடுத்தார். விரல்கள் மடங்கிப்போன கை. ஆனாலும் பிடித்த பிடியில் டொக்டருக்கு நொந்தது. இறுக்கிப் பிடிக்கிறோம் என்பது பிடித்தவருக்கே தெரியவில்லை. பிறகொரு நாள், துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் பலமாகத் திருகித் திறந்தான். விரல் எலும்பு வரை கிழிந்தும் அவனுக்கு நோகவில்லை. தூங்கும்போது எலி கடித்தும் சிலர் விரலை இழந்தார்கள்.

பிராண்ட் கண்டது இதுதான்: கிருமி நரம்பைத்தான் கெடுக்கிறது. உணர்வில்லாத கையை அன்றாட வேலையே அழித்துவிடுகிறது. நாம் சபிக்கும் நோவுதான் நம்மைக் காவல் காக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

இலங்கையில் ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தளையில் தொழுநோயாளருக்கு மருத்துவமனை கட்டினார்கள். மட்டக்களப்பு வாவியில் மாந்தீவு இருந்தது. நோயாளியை ஊரிலிருந்து பிரித்து வைப்பதே அன்றைய வழி. 1983இல் கூட்டு மருந்துச் சிகிச்சை இங்கே வந்தபின் அதற்குத் தேவையில்லாமல் போனது. இன்று இலவச மாத்திரைகளால் நோய் முற்றாகக் குணமாகும். சிகிச்சை தொடங்கியதும் பிறருக்குத் தொற்றுவதும் நின்றுவிடும்.

ஆனால் நோய் ஒழியவில்லை. நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் புதிதாக இனங்காணப்படுகிறார்கள், அவர்களில் சிறுபிள்ளைகளும் உண்டு. தேமல் என்று விட்டுவிடுவதாலும், ஊர் என்ன சொல்லுமோ என்று மறைப்பதாலும்தான் கைகால்கள் கெடுகின்றன.

உடம்பில் நிறம் மங்கிய அல்லது சிவந்த படை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பஞ்சால் தொடச் சொல்லிப் பாருங்கள். தொட்டது தெரியாவிட்டாலோ, தெரிந்தும் சந்தேகம் இருந்தாலோ, தாமதிக்காமல் செட்டிகுளம் வைத்தியசாலையில் காட்டுங்கள். நீரிழிவுக்காரரே, உங்கள் பாதமும் இப்படி மரத்துப்போகலாம். வயலால் வந்ததும் இரண்டு பாதங்களையும் திருப்பிப் பாருங்கள்.

அயலில் யாருக்காவது இந்த நோய் என்று கேள்விப்பட்டால் ஒதுக்காதீர்கள். கூட்டிக்கொண்டு போய் மருந்து எடுத்துக் கொடுங்கள்.