ஆற்றுமுகத்து எழுத்துக் கல்

மெர்லயன் பக்கத்துல நின்னு நாம எல்லாரும் படம் எடுத்திருக்கோம். அந்த ஆற்றுமுகத்துலதான் ஒரு காலத்துல சுமார் 10 அடி உயரத்துல, 50 வரி எழுத்தோட ஒரு பாறை நின்னுச்சு. 1819-ல் காடு வெட்டினவங்க கண்டாங்க. ராபிள்ஸும் படிக்கப் பார்த்தார், முடியலை.

மலாய்க்காரங்க சொல்ற கதை இது. கலிங்க மன்னர் 7 கப்பலோட ஒரு மல்லனை இங்கே அனுப்பினார். அரண்மனை முன்னாடி கிடந்த பாறையை அந்த மல்லன் முழங்கால் வரைக்கும்தான் தூக்கினார். இந்த ஊர் வீரன் படாங் அதைத் தூக்கி ஆற்றுமுகத்துக்கே வீசிட்டாராம். படாங் இறந்தப்போ அதே கலிங்க மன்னர் கல்லறைக்குக் கல்தூண் அனுப்பி மரியாதை செஞ்சாராம்.

1843-ல் கோட்டை கட்ட இடம் வேணும்னு வெள்ளைக்காரன் அந்தப் பாறையை வெடி வச்சு உடைச்சான். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவில் வந்து அப்போ 16 வருஷம். கல்கத்தா போய்த் திரும்பின ஒரு துண்டு மட்டும் தேசிய அரும்பொருளகத்துல இருக்கு. அதுல "கேசரிவ"ன்னு இருக்கு, சோழர் பட்டமான "பரகேசரிவர்மன்" ஆக இருக்கலாம்னு ஓர் ஆய்வாளர் 2019-ல் சொன்னார். முடிவா சொல்ல மீதி எழுத்து வேணுமே, அது போயிடுச்சு!

அதனால ஒரு வேண்டுகோள். திருப்பணி நடக்கும்போது பழைய உபயக் கல், பெயர்ப் பலகை எதையும் உடைச்சுப் போடாதீங்க. முதல்ல படம் எடுங்க, அலுவலகத்துல ஒப்படைங்க. நம்ம முன்னோர் பேரு அதுலதான் இருக்கு.